கையை எங்கே வைப்பது?

கேமராவைத் தூக்கினால் போதும், எதிரில் நிற்பவருக்குப் புதிதாக இரண்டு கைகள் முளைத்துவிடும். அதுவரை அந்தக் கைகள் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருந்திருக்கும். தலையைக் கோதியிருக்கும், பையைத் தூக்கியிருக்கும், பேச்சுக்குத் தாளம் போட்டிருக்கும். லென்ஸ் தன் பக்கம் திரும்பியதும் அவர் குனிந்து அவற்றைப் பார்ப்பார். இதுகளை எங்கே வைப்பது என்று அப்புறம் என்னைப் பார்ப்பார். கால்சட்டைப் பைக்குள் நுழைப்பார், வெளியே எடுப்பார், முன்னால் கோப்பார், பின்னால் கட்டுவார். கடைசியில் வேறு வழியில்லாமல், கொடியில் காயப்போட்ட துணி மாதிரி இரண்டு பக்கமும் தொங்கவிட்டுவிட்டு, "சரி, எடுங்க" என்பார்.

பதினைந்து வருடமாக இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படம் எடுப்பது என் தொழில் இல்லை. ஒவ்வொரு குடும்பத்திலும், "நீயே எடு, நீதான் நல்லா எடுப்ப" என்று கேமராவைக் கையில் திணித்து ஒருவரை ஒதுக்கி வைத்திருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அது நான். எங்கள் வீட்டு குரூப் போட்டோ எதிலும் நான் கிடையாது.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. 'இப்படி நில், அப்படிப் பார்' என்று சொல்லி எடுப்பது பொய், யாருக்கும் தெரியாமல் எடுப்பதுதான் மெய். எனவே தூணுக்குப் பின்னால் நின்று, நீள லென்ஸைப் போட்டு, ஒற்றன் மாதிரி எடுத்துத் தள்ளினேன். நூற்றுக்கணக்கில் எடுத்ததில் கிடைத்தவை: பாதி திறந்த வாய்கள், பாதி மூடிய கண்கள், குனிந்ததில் இரட்டித்த தாடைகள், ஏராளமான முதுகுகள். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை, சித்தி யாரிடமோ கையை வீசிப் பேசிக்கொண்டிருந்ததை, பெரிதாகப் பிரதி போட்டு அவளிடமே கொடுத்தேன். சித்தி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எப்படி நிக்கணும்னு நீ சொல்லவே இல்லியே?"

அவளுக்கு அந்தப் படம் திருட்டு மாதிரி இருந்திருக்கிறது. நான் இயல்பு என்று நினைத்ததை, 'என்னைத் தயாராகவே விடவில்லை' என்று அவள் எடுத்துக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம். நமக்கு நம் முகம் தெரியாது. கேமரா எங்கே வெட்டுகிறது, வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழுகிறது, பின்னால் இருக்கும் கம்பம் தலையிலிருந்து முளைக்கிறதா என்பதெல்லாம் எடுப்பவருக்கு மட்டுமே தெரியும். தெரிந்துவைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தால், எதிரில் நிற்பவரைக் கைவிட்டதாகத்தான் அர்த்தம்.

*

படத்துக்கு நிற்கும்போது விறைத்துப்போவது எங்கிருந்து வந்தது? அதன் தொடக்கத்தைப் பார்த்தால், அன்றைக்கு அது கூச்சமே இல்லை, தொழில்நுட்பம். 1838-இல், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் பாரிஸின் பூல்வார் து தாம்ப்ள் தெருவை மேலிருந்து ஒரு படம் எடுத்தார். தகடு ஒளியை வாங்கச் சில நிமிடங்கள் பிடித்தது. அவ்வளவு நேரத்தில் தெருவில் போன வண்டிகள், குதிரைகள், மனிதர்கள் எல்லாரும் தடம் இல்லாமல் கரைந்துபோனார்கள். மூலையில் ஒருவர் மட்டும் நிற்கிறார். காலைத் தூக்கி வைத்துக் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்ததால் அவர் அசையவில்லை. புகைப்படத்தில் பதிவான முதல் மனிதர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள். ஒரே இடத்தில் நின்றார் என்பதுதான் அவர் செய்த சாதனை.

அப்புறம் ஸ்டூடியோக்கள் வந்தன. உட்காருபவரின் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியை நிறுத்தி, அதன் கவைக்குள் தலையைப் பொருத்தினார்கள். பழைய படங்களில் காலுக்கு நடுவே தெரியும் மூன்றாவது கால் பெரும்பாலும் அந்தத் தாங்கியின் அடிப்பாகம்தான். கைக்குழந்தைக்குத் தாங்கி போட முடியாது. அதனால் தாய் தன் மேல் ஒரு விரிப்பைப் போர்த்திக்கொண்டு நாற்காலி மாதிரி உட்காருவாள், மடியில் குழந்தை அசையாமல் இருக்கும். அப்படி எடுத்த படங்கள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. குழந்தையின் இடுப்பைப் பிடித்தபடி திரைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருக்கும். முகம் தெரியாத அந்தத் தாய்க்கு மட்டும் கையை எங்கே வைப்பது என்ற கவலை இருந்திருக்காது.

இன்று ஷட்டர் 1/200 நொடியில் திறந்து மூடுகிறது. இரும்புத் தாங்கி போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும், "எடுக்கலாமா?" என்று கேட்டவுடன் நாம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறோம். தாங்கி கழுத்துக்குப் பின்னால் இன்னும் இருக்கிற மாதிரிதான்.

*

நிற்க வைக்கக் கற்றுக்கொண்டபோது நான் செய்த முதல் தவறு, முகத்திலிருந்து தொடங்கியது. 'தலையைச் சாய்ங்க, கொஞ்சம் அந்தப் பக்கம், இல்ல இந்தப் பக்கம்' என்று சொல்லச் சொல்ல எதிரில் இருப்பவர் பொம்மையாகிவிடுவார். காலிலிருந்து தொடங்க வேண்டும். "பாரத்தை ஒரு கால்ல போடுங்க, இன்னொண்ண சும்மா விடுங்க." இவ்வளவுதான். பாரம் ஒரு காலுக்குப் போனதும் இடுப்பு ஒரு பக்கம் ஏறும், அதைச் சரிக்கட்டத் தோள் மறுபக்கம் இறங்கும், தலை தானாகவே ஓர் இடத்தில் போய் அமரும். கிரேக்கச் சிற்பி பாலிக்ளைடஸ் கிறிஸ்து பிறப்பதற்கு நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் இதைத்தான் வெண்கலத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் சிற்ப மரபு இதற்குப் பெயரே வைத்திருக்கிறது: நேராக நின்றால் சமபங்கம், லேசாக வளைந்தால் அபங்கம், மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம். கேமரா வருவதற்கு வெகுகாலம் முன்பே போஸ் பற்றி எழுத வேண்டியதை எல்லாம் சிற்பிகள் எழுதி முடித்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

முகத்துக்கு ஒரே ஒரு குறிப்புத்தான் வைத்திருக்கிறேன். மோவாயை முதலில் முன்னால் நீட்டச் சொல்லி, பிறகு ஒரு துளி கீழே இறக்கச் சொல்வேன். நேரில் பார்த்தால் ஆமை ஓட்டிலிருந்து தலையை நீட்டுவது போலக் கோமாளித்தனமாக இருக்கும். படத்தில் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கோடு கிடைத்துவிடும். சொன்னால் யாரும் நம்புவதில்லை, நான் செய்து காட்டிய பிறகுதான் செய்வார்கள். சொல்கிறவர் முதலில் தானே கோமாளி ஆகத் தயாராக இருக்க வேண்டும். அது ஒரு விதத்தில் நல்லதுதான், கூச்சம் இரண்டு பேருக்கும் பங்காகிவிடுகிறது.

மற்றபடி தூரம்தான் முகத்தை ஆக்குவதும் கெடுப்பதும். கைபேசியை முகத்திலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனியிலிருந்து காது சுமார் 12 செ.மீ. பின்னால் இருக்கும். அப்படியானால் மூக்கு 30-இல், காது 42-இல். காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெருத்துத் தெரியும். அதையே ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த வித்தியாசம் 8 சதவீதமாகச் சுருங்கிவிடும். 'எனக்கு மூக்கு பெருசு' என்று செல்ஃபியைப் பார்த்து வருந்துகிறவர்களிடம் நான் சொல்வது, மூக்கைக் குறை சொல்லாதீர்கள், கையின் நீளத்தைச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கக் கன்னம் நல்லது என்று கேட்பார்கள். 1973-இல் இரண்டு ஆய்வாளர்கள் ஐரோப்பிய ஓவியங்களில் உள்ள 1,474 உருவப்படங்களை எண்ணிப் பார்த்து, சுமார் 60 சதவீதம் இடது கன்னத்தைக் காட்டுவதாக எழுதினார்கள். சுவாரசியமான எண்ணிக்கைதான், ஆனால் ஜன்னல் வலதுபுறம் இருந்தால் அதை வைத்து நான் என்ன செய்வது? அதைவிட எனக்கு உதவியது 1977-இல் வந்த இன்னோர் ஆய்வு. ஒருவரின் படத்தையும் அதையே கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாற்றிய படத்தையும் காட்டினால், அவர் மாற்றியதைத் தேர்ந்தெடுக்கிறார், அவருடைய நண்பர்கள் உள்ளபடி இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே பழகியிருக்கிறோம். ஆகவே, "இது நான் மாதிரியே இல்ல" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அது உண்மையிலேயே அவர் மாதிரி இல்லை. இது தெரிந்த பிறகு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

*

சரி, கைக்கு வருவோம்.

'கையத் தளர்வா விடுங்க' என்று மட்டும் சொல்லவே கூடாது. அப்படிச் சொன்னதும் விரல்கள் ஐந்தும் விறைத்துக்கொள்ளும். தூங்கு தூங்கு என்று சொன்னால் தூக்கம் வருமா? கையைப் பற்றிப் பேசாமல் கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

இதையும் நான் தப்பாகத்தான் முதலில் புரிந்துகொண்டேன். வயலின் வாசிக்கும் நண்பன் ஒருவன் தன் நிகழ்ச்சி அறிவிப்புக்கு ஒரு படம் கேட்டான். "வாசிக்கிற மாதிரி வெச்சுக்கோ" என்றேன். அவன் வைத்துக்கொண்டான். இருபது வருடம் வில் பிடித்த கை, அன்றைக்குக் கடன் வாங்கிய வயலினைப் பிடித்திருக்கும் கை மாதிரி இருந்தது. அரை மணி நேரம் போராடிவிட்டு, சரி போகட்டும் என்று உட்கார்ந்தோம். அவன் ஒரு பழந்துணியை எடுத்து, கம்பிகளுக்குக் கீழே படிந்திருந்த வெள்ளைப் பொடியைத் துடைக்க ஆரம்பித்தான். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இடது கை வயலினின் கழுத்தைத் தாங்கியிருந்த விதத்தில் இருபது வருடமும் இருந்தது. அதைத்தான் எடுத்தேன், அதைத்தான் அவன் பயன்படுத்தினான்.

அன்றிலிருந்து 'மாதிரி' என்ற சொல்லை என் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். நடக்கிற மாதிரி, படிக்கிற மாதிரி, பேசிக்கிற மாதிரி, யோசிக்கிற மாதிரி. 'மாதிரி' வந்தால் கூடவே நடிப்பும் வரும். நடக்க வேண்டும் என்றால் அந்தச் சுவர்வரை போய்விட்டு வரச் சொல்வேன். படிக்க வேண்டும் என்றால் நிஜமாகவே ஒரு பத்தியைக் கொடுத்து, படித்து முடித்ததும் நிமிர்ந்து அதில் என்ன இருந்தது என்று சொல்லச் சொல்வேன். அந்த நிமிர்தல்தான் எனக்கு வேண்டும். சட்டைக் கையை மடித்து விடுதல், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தல், கடிகார வாரைச் சரி செய்தல், கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குதல் என்று கைகளுக்குத் தெரிந்த சின்னச் சின்ன வேலைகள் எவ்வளவோ இருக்கின்றன. வேலை முடியும் தறுவாயில் கை ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். விரல் ஷட்டரில் தயாராக இருந்தால் அந்த நொடி கிடைக்கும்.

கை சம்பந்தமாக இன்னும் சில: புறங்கை முழுதாகக் கேமராவைப் பார்த்தால் அது முகத்தளவு பெரிதாகத் தெரியும், விளிம்பு தெரியும்படி திருப்பினால் மெலியும். கன்னத்தில் கை வைத்தால் தொட வேண்டும், தாங்கக் கூடாது, தாங்கினால் கன்னம் பிதுங்கும். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தால் உடல் மூச்சு விடும். படத்தின் ஓரம் மணிக்கட்டிலோ முழங்காலிலோ சரியாக வெட்டக் கூடாது, மூட்டுக்கு மேலேயோ கீழேயோ வெட்டலாம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவசரத்தில் எல்லாரும் செய்கிற தப்பும் இதுதான்.

வேலை கொடுக்க முடியாவிட்டால் இடமாவது கொடுக்கலாம். 1948-இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் தன் ஸ்டூடியோவில் இரண்டு தடுப்புகளை நெருக்கிச் சேர்த்து ஒரு குறுகலான மூலையை உண்டாக்கினார். வந்த பிரபலங்களை எல்லாம் அந்த இடுக்கில் நிறுத்தினார். எழுத்தாளர், குத்துச்சண்டை வீரர், ஓவியர், யாராக இருந்தாலும் அதே மூலைதான். ஒருவர் சுவர்களைத் தள்ளுகிறார், ஒருவர் ஒடுங்குகிறார், ஒருவர் சாய்ந்து அதைச் சொந்த வீடாக்கிக்கொள்கிறார். இப்படி நில் என்று சொல்வதற்குப் பதிலாக அவர் ஒரு சிக்கலைக் கொடுத்தார், போஸை அவரவரே கண்டுபிடித்தார்கள். எனக்கு அந்த மாதிரித் தடுப்புகள் எங்கே கிடைக்கப்போகிறது? ஆனால் ஒரு கதவு நிலை, ஒரு மாடிப்படிக் கைப்பிடி, முதுகில்லாத ஒரு நாற்காலி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

*

குரூப் போட்டோவைக் கலை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாதி வடிவியல், பாதி அரசியல்.

வடிவியல் சுலபம். தலைகள் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. பின்வரிசைத் தலை முன்வரிசையின் இரண்டு தோள்களுக்கு நடுவே வர வேண்டும். உட்கார்பவர், நிற்பவர், படியில் ஏறி நிற்பவர் என்று மூன்று உயரமாவது வேண்டும். இரண்டு வரிசைக்கு மேல் போனால் லென்ஸின் திறப்பளவு எண்ணில் எஃப் 8-க்குக் கீழே நான் இறங்குவதில்லை, இல்லையென்றால் பின்னால் நிற்கும் மாமா பனிமூட்டத்தில் இருப்பார். நெருங்கி நிற்கச் சொன்னால் ஓர் அங்குலம் நகர்வார்கள். இன்னும் நெருங்கச் சொல்லுங்கள், பிறகு இன்னும் ஒரு முறை. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி படத்தில் பள்ளத்தாக்காகத் தெரியும்.

கண் சிமிட்டலுக்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் போட்ட கணக்கு அது. இருபது பேருக்கு உட்பட்ட கூட்டம் என்றால், நல்ல வெளிச்சத்தில் தலை எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் வரும் அத்தனை படம் எடுக்க வேண்டும், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால் வகுக்க வேண்டும். பன்னிரண்டு பேர் என்றால் பகலில் நான்கு, இரவில் ஆறு. எல்லாரும் கண் திறந்திருக்கும் ஒன்றாவது அதில் அநேகமாகக் கிடைத்துவிடும். இதற்காக 2006-இல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசு சிரிப்பதற்கென்றே கொடுக்கப்படுவது. ஆனால் நான் அந்தக் கணக்கைச் சிரிக்காமல் பயன்படுத்துகிறேன்.

அரசியல்தான் கஷ்டம். யார் நடுவில், யார் ஓரத்தில், யார் உட்கார, யார் நிற்க. ஓரத்தில் நிற்பவருக்கு, நாளைக்குச் சட்டத்துக்குள் பொருத்தும்போது முதலில் வெட்டுப்படப்போவது தான்தான் என்று தெரியும். பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவரை ஒரே படத்தில் நிறுத்த வேண்டுமானால் நடுவில் ஒரு குழந்தையை விடுங்கள், இரண்டு பேரும் குழந்தையின் தோளில் கை போடுவார்கள். படத்தில் அது ஒற்றுமையாகத் தெரியும். அதைவிடப் பெரிய கலவரமாக இருந்தால் ஒதுங்கி நின்று காத்திருப்பதே வழி. 1958 ஆகஸ்டில் புகைப்படக்காரர் ஆர்ட் கேன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு வீட்டு வாசல்படியில் 57 ஜாஸ் கலைஞர்களைக் கூட்டினார். அவர்களோ ரொம்ப நாள் பார்க்காத நண்பர்களைப் பார்த்த சந்தோஷத்தில் இவர் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. நின்று நின்று அலுத்த கவுன்ட் பேஸி நடைபாதை விளிம்பில் தெருப் பையன்களோடு உட்கார்ந்துவிட்டார். டிஸ்ஸி கில்லெஸ்பி ஏதோ குறும்பு செய்ய, ராய் எல்ட்ரிட்ஜ் கேமராவை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியிருக்கிறார். படம் அப்படியே இருக்கிறது. ராய் எல்ட்ரிட்ஜ் திரும்பாமல் இருந்திருந்தால் அது வெறும் வருகைப் பதிவேடாகியிருக்கும்.

*

சிரிப்பு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-லேயே சொல்லிவிட்டார்: வாயோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை மனம் சிரித்தால்தான் அசையும். 'சிரிங்க' என்றால் வாய் மட்டும் சிரிப்பது அதனால்தான். நான் செய்வது, எல்லாரையும் பெரிய சத்தமாகப் பொய்ச்சிரிப்புச் சிரிக்கச் சொல்வது. அந்தச் சத்தம் அவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கும், அதைக் கேட்டு எல்லாருக்கும் நிஜச்சிரிப்பு வந்துவிடும். பொய் முடிந்து மெய் தொடங்கும் இடத்தில் எடுத்தால் போதும்.

இதுவும் ஒரு தந்திரம்தான் என்கிறீர்களா? ஆமாம். ஆனால் எல்லாத் தந்திரமும் ஒன்றல்ல.

1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவாவில் யூசுஃப் கார்ஷ், சர்ச்சிலைப் படம் எடுத்தார். நேரம் குறைவு. சர்ச்சில் சுருட்டைக் கீழே வைக்கவில்லை. கார்ஷ் நேராகப் போய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கிவிட்டார். திரும்பி வந்து எடுத்த படத்தில் இருக்கும் அந்த முறைப்புத்தான் போர்க்கால பிரிட்டனின் முகமாக உலகம் சுற்றியது. இன்னொருவர் ரிச்சர்ட் அவெடன். 1957-இல், பிரிட்டிஷ் முடியைத் துறந்த வின்ட்சர் கோமகனும் மனைவியும் அவர் முன்னால் பழகிப்போன புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நாய்ப் பிரியர்கள் என்று அவருக்குத் தெரியும். வரும் வழியில் என் டாக்ஸி ஒரு நாய் மேல் ஏறிவிட்டது என்று சொன்னாராம். அவரே பிற்பாடு சொன்ன கதை இது. இரண்டு முகமும் இடிந்தன, எடுத்துவிட்டார். பார்க்கிறவர்கள் அதில் முடியைத் துறந்தவரின் வாழ்நாள் துயரத்தைப் படிக்கிறார்கள். அங்கே இருந்ததோ இல்லாத ஒரு நாய்க்கான துக்கம்.

கார்ஷ் செய்ததை நான் ஏற்பேன், அவெடன் செய்ததை ஏற்க முடியவில்லை. சர்ச்சிலுக்கு என்ன நடந்தது என்று தெரியும். அவர் முறைத்தது கார்ஷை, கோபத்துக்குக் காரணம் எதிரிலேயே நின்றது. சுருட்டுப் போனதும் சண்டை போடவும் அவரால் முடியும். சொல்லப்போனால் அடுத்த படத்துக்கு அவரே சிரித்துக்கொண்டு நின்றார். வின்ட்சர் தம்பதிக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதே தம்பதி ஃபிலிப் ஹால்ஸ்மன் என்ற புகைப்படக்காரருக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை. குதிக்கும்போது உடம்பைப் பார்த்துக்கொள்வதிலேயே கவனம் போய்விடும், முகமூடி கழன்றுவிடும் என்பது ஹால்ஸ்மனின் கட்சி. ஓவியர் டாலி, மூன்று பூனைகள், ஒரு வாளித் தண்ணீர், எல்லாவற்றையும் ஒரே நொடியில் காற்றில் பிடிக்க 1948-இல் அவர் 28 முறை எடுத்தார். குதிக்கச் சொல்வதில் ஒளிவுமறைவு இல்லை. 'குதிக்க மாட்டேன்' என்று சொல்லிவிடலாம்.

இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. என்னிடமும் ஒரு தந்திரம் இருந்தது, படம் எடுக்கிற பலரிடமும் இருப்பதுதான்: "இன்னும் எடுக்கல, லைட் செக் பண்றேன்." இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் மூச்சை விட்டு, தோளை இறக்கி, எங்கேயோ பார்ப்பார். அப்போது எடுத்துவிடுவேன். கேமரா என்றாலே ஒடுங்கிப்போகும் ஒரு தோழியை அப்படித்தான் எடுத்தேன். அவளைப் போலவே வந்த ஒரே படம் அது. பெருமையாக அவளிடம் சொல்லியும்விட்டேன். அவள் சிரித்தாள், படத்தையும் வாங்கிக்கொண்டாள். ஆனால் அதற்கப்புறம் நான் நிஜமாகவே லைட் செக் செய்தாலும் அவள் முகம் பூட்டிக்கொள்ளும். ஒரு நல்ல படத்துக்கு நான் கொடுத்த விலை, அவளுடைய மற்ற படங்கள் அத்தனையும்.

செய்திப் படம் இதில் சேராது, அங்கே அளவுகோல் வேறு. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு, இறந்துகிடந்த ஒரு படைவீரரின் உடலைத் தூக்கிப்போய்ப் பாறைகளுக்கு நடுவே கிடத்தி, பக்கத்தில் ஒரு துப்பாக்கியைச் சாத்தி எடுத்தது. ஏறக்குறைய நூறாண்டு அது உண்மையான காட்சி என்றே நம்பப்பட்டது. அது ஏமாற்று. 1950-இல் ராபர்ட் துவானோ பாரிஸ் நகரமன்றத்தின் முன் எடுத்த முத்தப் படமும் ஏற்பாடுதான். அது தற்செயலாகக் கிடைத்த காட்சி இல்லை, நாடக மாணவர்கள் இருவரை நிற்கவைத்து எடுத்தது என்பது 1990-களில் வழக்கு வந்தபோது ஊருக்கே தெரிந்தது. ஆனால் அவர்கள் அப்போது நிஜமாகவே காதலர்கள். அந்தப் படத்தின் மேல் மட்டும் என்னால் கோபப்பட முடியவில்லை. ஏன் என்று கேட்டால், ஒருவேளை 'முத்தம் கொடுக்கிற மாதிரி' அவர்கள் கொடுக்கவில்லை என்பதால் இருக்கலாம்.

*

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயதானபோது அவரை ஒழுங்காக ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். அவர் என் ஆயுளில் ஒரே ஒரு போஸ்தான் கொடுத்திருக்கிறார். நேராக, நெஞ்சு நிமிர்த்தி, கேமராவின் நடுக்கண்ணைப் பார்த்தபடி. எல்லா ஆல்பத்திலும் அவர் அப்படித்தான் இருக்கிறார், அவரைச் சுற்றி நிற்பவர்களுக்கு மட்டும் வயதாகிக்கொண்டே போகிறது. இந்த முறை அதை உடைத்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

காலை வெளிச்சம், வடக்குப் பார்த்த ஜன்னல், ஒரு மர நாற்காலி. வந்து நின்றார். ஒளியளவைப் பார்க்க நிஜமாகவே ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அப்புறம் எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் இறக்கினேன். நாற்காலி விளிம்பில் உட்கார வைத்தேன். கண்ணாடியைத் துடைக்கக் கொடுத்தேன். செய்தித்தாளில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லி நிமிரவைத்தேன். அவருடைய பழைய மேலதிகாரி பற்றிக் கேட்டேன், அந்தக் கதையில் அவர் கட்டாயம் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். சிரித்தார். நாற்பது நிமிடத்தில் அறுபது படம். அவற்றில் ஆறேழு, நான் இதுவரை எடுத்ததிலேயே சிறந்தவை என்று இன்றைக்கும் சொல்வேன்.

கணினித் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் அவசரப்படவில்லை. சிரிப்பதைப் பார்த்து, "பல்லு தெரியுது" என்றார். ஜன்னலைப் பார்ப்பதைப் பார்த்து, "யாரப் பாக்கறேன்?" என்றார். கடைசிவரை போய்விட்டு, முதல் படத்துக்குத் திரும்பச் சொன்னார். ஒளியளவுக்கு எடுத்தது அது.

"இதுதான். இதப் பிரதி போடு."

"அப்பா, இது சும்மா டெஸ்டுக்கு எடுத்தது. விறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க பாருங்க."

"போட்டோக்குத்தானே நிக்கறேன்? வேற எப்படி நிக்கணும்ங்கற?"

லைட் செக் பண்றேன் என்று சொன்னால் எல்லாரும் தளர்வார்கள் என்பது என் அனுபவம். அவர் தளரவே இல்லை. கேமரா அறைக்குள் வந்த நொடியிலிருந்து அவர் படத்தில் இருந்திருக்கிறார்.

சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1960-களில் பிரான்ஸின் தென்மேற்கே பெயார்ன் பகுதி விவசாயிகளிடம் இதையே கவனித்திருக்கிறார். நடுவில், நேராக, முகம் காட்டி நிற்பது அவர்களுக்குக் கூச்சம் அல்ல, மரியாதை. பார்ப்பவருக்குக் கொடுக்கும் மரியாதை, அவரிடமிருந்து எதிர்பார்க்கும் மரியாதையும்கூட. எதிர்பாராத கோணத்தில் பிடிபடுவது அந்த மரியாதையைத் திருடுவது. இதைப் படித்தபோது எனக்குச் சித்தியின் ஞாபகம்தான் வந்தது. அப்பாவிடம் வாதாடிக்கொண்டிருந்த அன்றைக்கு அது வரவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் சொன்னதையே பிரதி போட்டேன்.

அந்த ஆறேழு படங்களும் என் கணினியில் இருக்கின்றன, அவ்வப்போது திறந்து பார்ப்பேன். சுவரில் இருப்பது அவர் தேர்ந்தெடுத்தது. பிரதி வந்த அன்று, கூர்மை சரியாக விழுந்திருக்கிறதா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். சட்டையின் மேல் பித்தான் போட்டிருக்கிறது, எப்போது போட்டார் என்று நான் கவனிக்கவில்லை. விரல்கள் லேசாக மடங்கி, கட்டைவிரல் இரண்டும் கால்சட்டையின் பக்கத் தையலோடு ஒட்டி நேராக நிற்கின்றன. நாற்பது நிமிடம் அவரை அங்கே இங்கே நகர்த்தினேனே, கையை எங்கே வைக்கட்டும் என்று அவர் ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை.